பத்திரம் என்றால் பக்கத்து வீடு

தமிழில் 'பத்திரம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. நிலத்தை எழுதி வாங்கும் தாளும் பத்திரம்தான். வெளியூர் கிளம்பும் பிள்ளையிடம் "பத்திரமா போயிட்டு வா" என்று சொல்வதும் அதே சொல்தான். இந்தோனேசியக் கடலோரக் கிராமங்களில் சொத்தும் பாதுகாப்பும் எப்படி இயங்குகின்றன என்று முதன்முதலாகப் படிக்க வருகிறவர் இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளலாம். அங்கே ஒருவருடைய நிலத்துக்குச் சாட்சி யாரோ, ராத்திரி அவர் வீட்டுக்குக் காவலும் பெரும்பாலும் அவரே. பக்கத்து வீட்டுக்காரர்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், ஏறக்குறைய 75,000 கிராமங்கள் உள்ள நாட்டில் 'இந்தோனேசியக் கிராமம்' என்று ஒற்றையாகச் சொல்வதே கொஞ்சம் துணிச்சல்தான். மலுக்குப் பக்கம் நிலம் ஒருவருடையது, அதில் நிற்கும் தென்னை இன்னொருவருடையது என்று இருக்கும். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் பூர்விக நிலம் தாய்வழியில் பெண்களுக்குப் போகும். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் இரண்டு கரைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஜாவாவின் வடகரை, சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சே.

கிராமத்தை அங்கே 'தேசா' என்பார்கள். 'தேசம்' என்ற அதே வடசொல்தான், அங்கே போய் ஓர் ஊர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தேசாவுக்குத் தலைவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-இல் வந்த கிராமச் சட்டம் அவருக்கு 6 ஆண்டுப் பதவி கொடுத்தது. 2024 திருத்தத்தில் அது 8 ஆண்டானது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் அன்றாடம் போய்க் கதவைத் தட்டுவது அவர் வீட்டில் இல்லை. அதற்கு 'எர்தே' இருக்கிறது. ருக்குன் தெத்தாங்கா என்பதன் சுருக்கம். 'இசைந்து வாழும் அண்டைவீட்டார்' என்று பொருள். சில பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு எர்தே. அதன் தலைவரை 'பாக் எர்தே' என்று மரியாதையாக அழைப்பார்கள். அவர் அரசு ஊழியர் இல்லை. அதே தெருவில் வலை பின்னுகிறவராகவோ கடை வைத்திருப்பவராகவோ இருப்பார். அடையாள அட்டையா, கல்யாணப் பதிவா, வேறு ஊருக்குக் குடிபோவதா, நெடுங்காலமாக முதல் கடிதம் அவர் கையால்தான் தொடங்கி வந்தது. தெருமுனையில் ஒரு பலகையும் நிற்கும்: வெளியூர் விருந்தாளி வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

இது ஏதோ ஆதிகால ஜாவா வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் ஜாவாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர்கள், தங்கள் நாட்டில் இருந்த அக்கம்பக்கக் குழு முறையை 1944-இல் இங்கே கொண்டுவந்தார்கள். நெல் வசூலிக்கவும், ஆள் திரட்டவும், யார் யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கண்காணிக்கவும் அது பயன்பட்டது. போர் முடிந்தது, ஜப்பானியர் போனார்கள், எர்தே மட்டும் தங்கிவிட்டது. கண்காணிக்க வந்த ஏற்பாட்டையே மக்கள் தங்கள் உதவிக்குப் பழக்கிக்கொண்டார்கள். ஆனால் பழைய குணம் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரவுக் காவலைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது புரியும். ஜாவா கிராமங்களில் பல வீடுகளின் முன்சுவரில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன டப்பா தொங்கும். பழைய பால்டின்னாக இருக்கலாம், மூங்கில் குழலாக இருக்கலாம். படுக்கப் போகுமுன் வீட்டுக்காரம்மா அதில் கொஞ்சம் அரிசி போட்டு வைப்பார். நள்ளிரவை ஒட்டி, அன்றைய முறைக்காரர்கள் நாலைந்து பேர் டார்ச் விளக்கோடு வருவார்கள். டப்பாவை எடுத்து அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். இதற்கு 'ஜிம்பித்தான்' என்று பெயர். விரல் நுனியால் கிள்ளி எடுக்கிற அளவு என்று அர்த்தம்; நம் வாயில் பிடி அரிசி என்று சொல்லலாம். சேரும் அரிசியை விற்று, தெருவிளக்குக்கோ, சாவு வீட்டுச் செலவுக்கோ, சாலை ஓட்டையை அடைக்கவோ வைத்துக்கொள்வார்கள். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் 500 ரூபியா நாணயம். சில இடங்களில் டப்பா இருந்த இடத்தில் கியூஆர் அட்டையே ஒட்டியாகிவிட்டது.

இதில் சூட்சுமம் அரிசியில் இல்லை. அரிசி எடுக்க வேண்டுமென்றால் காவல்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போயே ஆக வேண்டும். முனையில் உட்கார்ந்து பீடி இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. (கிராம்பு சேர்த்த கிரெத்தெக் சிகரெட் இல்லாமல் அந்தக் காவல் நடக்காது என்பது வேறு விஷயம்.) டப்பாவில் நாலு நாளாக ஒன்றும் இல்லையென்றால் அந்த வீட்டில் ஆளில்லை, அல்லது ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். ஒரு பிடி அரிசிக்கு வசூல், ரோந்து, நலம் விசாரிப்பு மூன்றும் முடிந்துவிடுகிறது.

காவல் கொட்டகையில் 'கெந்தோங்கான்' தொங்கும். மரத்துண்டையோ மூங்கிலையோ குடைந்து நீளமாகப் பிளவு விட்ட முரசு. அடிக்கும் முறைக்கு ஒரு மொழி உண்டு: இரண்டிரண்டாக அடித்தால் திருட்டு, மும்மூன்றாக அடித்தால் தீ, நான்கு நான்காக அடித்தால் இயற்கைப் பேரிடர் என்று பல ஊர்க் கொட்டகைகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தூக்கக் கலக்கத்தில் எண்ணிக் கேட்டு, வாளியோடு ஓடுவதா, தடியோடு ஓடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். சுஹார்த்தோ ஆட்சியில், 1980-களில், காவல்துறை இந்த ஊர்க்காவலை நாடு தழுவிய ஏற்பாடாக்கி 'சிஸ்காம்லிங்' என்று பெயர் வைத்தது. வெள்ளைச் சட்டையோ காக்கியோ, மேலே யார் வந்தாலும் கீழே அடிக்கிற முரசு அதேதான்.

சரி, அப்படியானால் இது சொர்க்கமா? இல்லை. தடியோடு ஓடிவருகிறவர்கள் பிடிபட்டவனைப் போலீசிடம் ஒப்படைக்காமல் தாங்களே தீர்ப்புச் சொல்லிவிடுவது அங்கே பழைய நோய். 1998-இல் கிழக்கு ஜாவாவின் பான்யூவாங்கியில் சூனியக்காரர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் வேட்டையாடப்பட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில், எல்லாருக்கும் பிடிக்காத ஒருவர் எங்கே போய் ஒளிவார்?

இனி நிலத்துக்கு வருவோம். இதுதான் சிக்கலான பகுதி, ஆனால் இதற்கு ஒரு சாவி இருக்கிறது. இந்தோனேசிய வழக்குச் சட்டத்தை 'அதாத்' என்பார்கள். அதன்படி நிலம் கைமாறுவதற்கு இரண்டு நிபந்தனை: 'தெராங்', 'துனாய்'. வெளிச்சம், ரொக்கம். அதாவது, விற்பது ஊர்த்தலைவர் முன்னால், நாலு பேர் அறிய நடக்க வேண்டும்; பணம் அங்கேயே கைமாற வேண்டும். தாள் எங்கேயும் சொல்லப்படவில்லை பாருங்கள். ஊரறிந்ததே உரிமை. பின்னாளில் யாராவது வந்து "இது என் தாத்தா நிலம்" என்றால், எல்லையின் நாலு பக்கத்திலும் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும்.

அப்படியே விட்டிருந்தால் எளிது. டச்சுக்காரர்கள் வரி வசூலிக்கப் புத்தகம் போட்டார்கள். 'லெட்டர் சே' என்ற அந்தப் பதிவேடு இன்றும் பல ஜாவா கிராம அலுவலகங்களில் இருக்கிறது. யார் பெயரில், எந்த எண்ணுள்ள துண்டு, வயலா மேட்டு நிலமா, எவ்வளவு வரி என்று வரிசையாக இருக்கும். விற்றால், பாகம் பிரித்தால், ஊர்ச் செயலர் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவார். வரி கட்டியவர் கையில் இருக்கும் தாளுக்கு 'கிரிக்' அல்லது 'பெத்தோக்' என்று பெயர். இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். கிரிக் என்பது வரி கட்டியதற்கான அத்தாட்சி, உரிமைக்கான அத்தாட்சி இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாகக் கட்டியவரிடம் போய் இந்த வேறுபாட்டைச் சொன்னால் அவர் சிரிப்பார்.

1960 செப்டம்பர் 24-இல் அடிப்படை வேளாண் நிலச் சட்டம் வந்தது. அதாத்தையே அடித்தளமாகக் கொள்வதாகச் சொன்ன அந்தச் சட்டம், உச்சத்தில் 'ஹாக் மிலிக்' என்ற முழு உடைமையை வைத்தது. "வழிவழி வருவது, மிக வலுவானது, முழுமையானது" என்பது அதற்குச் சட்டம் தரும் விளக்கம். இது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்காரர் கடற்கரையில் மனை வாங்க ஆசைப்பட்டு உள்ளூர்க்காரர் பெயரில் எழுதிவைத்தால், அந்த ஏற்பாட்டையே சட்டம் செல்லாததாக்கிவிடும். அவருக்குப் பயன்பாட்டு உரிமையோ குத்தகையோதான் வழி.

சட்டம் வந்துவிட்டது, சான்றிதழ் வரவில்லை. அளவை, அலைச்சல், செலவு. அதனால் பல கிராமங்களில் விற்பனை 'கைக்கடியில்' நடந்தது. அவர்கள் சொல்லும் சொல் அதுதான். முத்திரைத்தாள் ஒட்டிய ஒரு ரசீது, ஊர்த்தலைவர் கையெழுத்து, சாட்சி இருவர். 2017 முதல் அரசு ஊர் ஊராகப் போய் விடுபட்ட எல்லாத் துண்டுகளையும் ஒரே வீச்சில் அளந்து பதியும் திட்டத்தை நடத்துகிறது. அதற்கும் அண்டைவீட்டார் வந்து எல்லைக்கல் பக்கத்தில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-இல் வந்த அரசு விதி, கிரிக் போன்ற பழைய தாள்களைப் பதிந்துகொள்ள 5 ஆண்டு கெடு வைத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி வரைதான். அதன் பிறகு அவை உரிமைச் சான்று இல்லை, வெறும் வழிகாட்டிக் குறிப்பு.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அது செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? பள்ளிக்கூடம் போவது. வங்கியில் அடகு வைப்பதை "சான்றிதழைப் படிக்க அனுப்பியிருக்கிறேன்" என்றுதான் அங்கே சொல்வார்கள். மோட்டார் வாங்க, படகைப் பழுது பார்க்க, மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்ப. படித்து முடித்து எப்போது திரும்பும் என்பது கடல் கொடுப்பதைப் பொறுத்தது. மற்றபடி கடலோரப் பெண்களின் சேமிப்பு தங்க வளையலில் இருக்கும்; அவசரத்துக்கு அரசு அடகுக்கடை 'பெகாடாயான்' உண்டு. மாதாமாதம் கூடிக் குலுக்கல் சீட்டும் போடுகிறார்கள், 'அரிசான்' என்று பெயர்.

பக்கத்து வீடே பத்திரம் என்பதற்கு மிகக் கடுமையான சோதனை 2004 டிசம்பர் 26 அன்று ஆச்சேயில் நடந்தது. சுனாமி மேற்குக் கரையில் ஊர்களைத் தரைமட்டமாக்கியது. வேலி இல்லை, மரம் இல்லை, சில இடங்களில் நிலமே இல்லை. பாண்டா ஆச்சே நில அலுவலகத்தின் பதிவேடுகள் சேற்றில் ஊறிவிட்டன. அழுகாமலிருக்க உறையவைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், ஜப்பானின் உதவியோடு உலர்த்தி மீட்டார்கள். ஆனால் பெரும்பாலான கிராமத்து நிலத்துக்குப் பதிவேடே கிடையாது, ஊறுவதற்கு. சாட்சி சொல்ல வேண்டிய அண்டைவீட்டாரிலும் பலர் போய்விட்டார்கள்.

அப்போது செய்தது இது. பிழைத்தவர்கள் ஊருக்குத் திரும்பி, மிஞ்சியிருந்த வீட்டு அடித்தளம், கிணற்று உறை, வாய்க்கால் தடம் ஆகியவற்றை வைத்து நடந்து நடந்து தங்கள் எல்லையைக் குறித்தார்கள். நான்கு பக்கத்துக்காரர்களும், அல்லது அவர்களின் வாரிசுகளும், கையெழுத்திட்டார்கள். ஆச்சேயில் கிராமத்துக்கு 'கம்போங்', அதன் தலைவருக்கு 'கெயுச்சிக்'. அவர் ஒப்புதல் தந்த பிறகுதான் அரசு அளவையாளர் கருவியோடு வந்தார். அதாவது தாளை உருவாக்கியது ஊரின் ஞாபகம். அனாதையான பிள்ளைகளின் பங்கு சித்தப்பா மாமாக்களிடம் போய்விடாமல் பார்ப்பதுதான் இதில் ஆகக் கடினமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆச்சேக் கடலுக்கும் ஒரு தலைவர் உண்டு, 'பங்லிமா லாவோட்'. 17-ஆம் நூற்றாண்டு சுல்தான் இஸ்கந்தர் முடா காலத்துப் பதவி என்று மரபு சொல்கிறது. ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ஒருவர். வலைச் சண்டையைத் தீர்ப்பார், காணாமல் போன படகைத் தேட ஆட்களை அனுப்புவார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும்வரை கடலுக்குப் போகக் கூடாது. தேடிப் பார்த்தால் இந்தத் தடைப் பட்டியலில் இப்போது டிசம்பர் 26-உம் இருக்கிறது. அதே நாளில் அதே அலை நாகப்பட்டினத்திலும் இறங்கியது என்பதால் இந்தத் தேதியைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆச்சேக்காரர் கடைத்தெருவை 'கெயுடே' என்பார், நம் 'கடை'தான். மீனவருக்கு இந்தோனேசியாவில் 'நெலாயன்'. நம் நெய்தல் நிலத்து நுளையரிலிருந்து போன சொல் என்பார்கள் சொல்லாய்வாளர்கள்.

ஆச்சேயின் கரைக்கு அப்பால், நிலநடுக்க மையத்துக்கு மிகப் பக்கத்தில், சிமெயுலுவே தீவு. அலை அங்கே பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. ஏறக்குறைய 78,000 பேர் இருந்த தீவில் அலைக்கு இரையானவர்கள் 7 பேர். காரணம் ஒரு சொல்: 'ஸ்மோங்'. 1907-இல் வந்த பேரலையில் ஏராளமானோர் இறந்தபின், தாலாட்டிலும் 'நாந்தோங்' பாட்டிலும் பாட்டிமார் அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். தரை பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மீன் பொறுக்கப் போகாதே, மலைக்கு ஓடு. அன்று காலை யாரோ ஒருவர் "ஸ்மோங்!" என்று கத்தியதும் தீவே ஓடியது. சைரன் கிடையாது, செல்போன் செய்தி கிடையாது. 97 ஆண்டுக்கு முந்தைய கெந்தோங்கான் அது.

கடைசியாக, கடலே சொத்தாகும்போதும் சொத்தே கடலாகும்போதும் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

2025 ஜனவரியில் ஜகார்த்தாவுக்கு மேற்கே, தாங்கெராங் கரையோரக் கடலில், 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மூங்கில் வேலி ஒன்று நாட்டின் பேச்சானது. மீனவர்கள் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. தோண்டிப் பார்த்தால், கோஹோட் கிராமத்துக்கு எதிரே, தண்ணீருக்கு மேலேயே, 263 கட்டட உரிமைச் சான்றிதழும் 17 முழு உடைமைச் சான்றிதழும் வழங்கப்பட்டிருந்தன. கடலோர நீர்ப்பரப்பில் தனியாருக்கு உரிமை கொடுக்கும் ஏற்பாட்டை அரசியல் சாசன நீதிமன்றம் 2011-லேயே ரத்து செய்திருந்தது. ஆனாலும் தாள் பிறந்துவிட்டது. கடற்படையும் மீனவர்களும் சேர்ந்து வேலியைப் பிடுங்கினார்கள், நில அமைச்சர் சான்றிதழ்களை ரத்து செய்யத் தொடங்கினார், கிராமத்தின் தலைவர் உட்பட நால்வர் மீது ஆவண மோசடிக் குற்றச்சாட்டு வந்தது. வெளிச்சம் இல்லாமல் நடந்த கைமாற்றம் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடப்படம் கிடைக்காது. கிராம அலுவலகம்தான் நிலத்துக்கு முதல் சாட்சி; அங்கேயே பொய் எழுதினால், மேலே உள்ள ஒவ்வொரு முத்திரையும் அந்தப் பொய்யின் மேல்தான் விழும்.

நேர்மாறான கதை நடு ஜாவாவின் டெமாக்கில். 1980-கள், 90-களில் இறால், பால்மீன் பண்ணைக்காக அலையாத்திக் காடுகளை வெட்டினார்கள். செமாராங் நகரத்தையொட்டி நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை இறங்குகிறது, சில இடங்களில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை. கடல் ஏறுகிறது. வயல் பண்ணையானது, பண்ணை கடலானது. ஓதநீர் ஊருக்குள் ஏறுவதை 'ரோப்' என்பார்கள். சாயுங் வட்டாரத்தின் பெதோனோவில் சில குடியிருப்புகள் மொத்தமாக இடம்பெயர்ந்துவிட்டன. திம்புல்ஸ்லோகோவில் வீட்டுக்கு வீடு பலகைப் பாலம் போட்டு நடக்கிறார்கள். அதையும் அண்டைவீட்டார் கூடித்தான் போட்டார்கள்.

1960 சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: நிலம் அழிந்துபோனால் உரிமையும் முடிந்துபோகும். செமாராங்–டெமாக் சுங்கச்சாலை இந்த மூழ்கிய பரப்பின் வழியே வந்தபோது, பத்திரம் வைத்திருந்தவர்கள் இழப்பீடு கேட்டார்கள். அழிந்த நிலத்துக்கு இழப்பீடு கிடையாது என்றது அரசு. பிறகு மதிப்பில் 25 விழுக்காடு தருவதாக ஒத்துக்கொண்டு, அதற்கு 'கெரோஹிமான்' பணம் என்று பெயர் வைத்தது. கருணைத் தொகை. தெராங், துனாய் என்று வாங்கிய நிலத்துக்கு, கடைசியில் கருணை.

போகாமல் தங்கியவர்கள் மண்ணும் கல்லும் கொட்டித் தரையை உயர்த்துகிறார்கள். சில ஆண்டில் தண்ணீர் எட்டிவிடும், மறுபடி உயர்த்துவார்கள். கூரையை உயர்த்தப் பணம் இருக்காது. அதனால் தரை ஏற ஏற வாசல் குட்டையாகிக்கொண்டே வரும். சில வீடுகளில் சன்னல் இப்போது முழங்கால் உயரத்தில் இருக்கிறது; பெரியவர்கள் குனிந்துதான் உள்ளே போகிறார்கள்.